பக்கத்து சீட்டு பிரேக்

— இன்னும் ஒரே ஒரு டம்ளர். குடிச்சுடு அக்கா.

— போதும்டி. அஞ்சு டம்ளர் ஆச்சு. இதுக்கு மேல ஊத்தினா நான் அசையறப்போ எல்லாம் உள்ள அலையடிக்கும்.

— வயிறு முட்ட தண்ணி இருந்தாதான் ஸ்கேன்ல கர்ப்பப்பை தெளிவாத் தெரியும். எனக்கும் இதையேதான் சொன்னாங்க.

— உனக்குள்ள பாக்கறதுக்கு ஒரு ஆள் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? அம்பத்தொரு வயசுல அது காலி வீடு. காலி வீட்டைப் பாக்க எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

— காலி வீடுன்னா ரத்தம் எங்கேருந்து வருது?

— மெல்லப் பேசுடி சின்னது! அந்தப் பக்கம் ஒரு பெரிய மனுஷர் உக்காந்திருக்கார்.

— அவர் காதுல ஒயரை மாட்டிக்கிட்டு தூங்கறார். நீ பதில் சொல்லு.

— உடம்புச் சூடு.

— சூடா?

— நாள் முழுக்க வெயில்ல வண்டிக்குள்ளயே உக்காந்திருக்கேன். சீட்டு அடுப்பு மாதிரி கொதிக்குது. அதான், வேற ஒன்னும் இல்ல.

— மாதவிலக்கு நின்னு ரெண்டு வருஷம் ஆனவளுக்கு வண்டிச் சூட்டுல பதினோரு நாளா ரத்தம் வருமா? மூணு தடவ படுக்கை விரிப்பை நீயே துவைச்சுப் போட்டிருக்கே.

— என் விரிப்பை நான் துவைக்கறதுக்கு உன்கிட்ட மனு எழுதிக் குடுக்கணுமா?

— வாஷிங் மெஷின் இருக்கற வீட்டுல பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு கையால துவைச்சா கேக்கத்தான் செய்வேன்.

— நீ முதல்ல இப்படி உக்காராத. பத்து வாரம் ஆகப்போகுது, இரும்பு நாற்காலி நுனியில தொங்கிக்கிட்டு. இந்தா, என் பையை முதுகுக்கு வச்சுக்கோ.

— எனக்கு ஒன்னும் வேண்டாம்.

— வச்சுக்கோன்னா வச்சுக்கோ. ரெண்டு மணிக்கு எனக்கு கிளாஸ் இருக்கு, அதுக்குள்ள விடுவாங்களா? அந்த பேக்கரிக்காரம்மாதான். மூணு தடவ லைசென்ஸ் டெஸ்ட்ல கோட்டை விட்டவ. நான் பக்கத்து சீட்டுல இல்லன்னா வண்டியை நேரா அவ கடைக்குள்ளயே கொண்டுபோய் நிறுத்துவா.

— டிரைவிங் ஸ்கூலுக்கு காலைலயே போன் பண்ணிட்டேன். இன்னைக்கு நீ லீவு.

— என்னைக் கேக்காமயா?

— கேட்டா வருவியா? நானும்தான் லீவு போட்டிருக்கேன். லேப்ல நாலு பேரோட பல்லு செட்டு பாதியில நிக்குது.

— பாவம்டி, நாலு பேரும் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருப்பாங்க. போ, போய் அவங்களுக்குப் பல்லைக் குடு.

— அக்கா. சிரிக்க வைக்காத. எனக்கு சிரிப்பு வரல.

— பதினேழாம் டோக்கன் யாருங்க?

— இங்க சிஸ்டர், இங்க! வந்துட்டேன்!

— உக்காருங்கம்மா, இன்னும் கூப்பிடல. உள்ள ஆள் இருக்காங்க, நீங்க அடுத்தது. விவரம் மட்டும் எழுதிக்கறேன். வயசு?

— அம்பத்தொன்னு.

— கடைசியா மாதவிலக்கு எப்ப ஆச்சு?

— அதை வழியனுப்பி வச்சு ரெண்டு வருஷம் ஆச்சு.

— இப்ப ரத்தப்போக்கு எவ்வளவு?

— சும்மா ரெண்டு சொட்டு.

— பதினோரு நாளா சிஸ்டர். நேத்து அதிகமாவே இருந்துச்சு.

— நீங்க?

— தங்கச்சி.

— ம். உங்களைப் பாத்த மாதிரி இருக்கே. சரி. அம்மா, ஹார்மோன் மருந்து ஏதாவது எடுத்துக்கறீங்களா?

— ஜெல். கையில தடவறது. தினமும் காலைல, குளிச்சதும். அது இல்லன்னா நான் மனுஷியே இல்ல சிஸ்டர். அதுக்கு முன்னாடி திடீர் திடீர்னு உடம்பு பத்திக்கிட்டு எரியும். கொட்டற மழையில வண்டி கண்ணாடியை இறக்கி விட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். கத்துக்க வந்தவங்க எல்லாம் நனைஞ்சாங்க.

— அதோட புரோஜெஸ்டிரோன் மாத்திரை குடுத்திருப்பாங்களே? ராத்திரி போடறது?

— ஆங்.

— தினமும் போடறீங்களா?

— போடறேன்.

— விடாம?

— விடாம.

— டாக்டர் முதல்ல அதைத்தான் கேப்பாங்க, அதான் நானும் கேட்டேன். கூப்பிடறேன், உக்காருங்க. அதுவரைக்கும் பாத்ரூம் போயிடாதீங்க.

— அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம் சிஸ்டர், தண்ணிகிட்ட சொல்லுங்க.

— அக்கா.

— நல்ல பொண்ணு இல்ல? சிடுசிடுன்னு இல்லாம.

— அக்கா, தோட்டைத் திருகறதை நிறுத்து.

— எந்தத் தோட்டை?

— உன் காதுல இருக்கறதை. பொய் சொன்னா அதைத் திருகுவே. "விடாம"ன்னு சொன்னப்போ கழண்டு கையோட வந்திருக்கும்.

— நீ பல்லு செய்யறவளா, போலீஸ்ல வேலை பாக்கறவளா?

— பல்லுல மயிரிழை உயரம் கூடினாக்கூட கண்டுபிடிக்கணும். இல்லன்னா மெல்லறப்போ தாடையே வலிக்கும். உண்மையைச் சொல்லு. அந்த மாத்திரையைப் போட்டியா, போடலையா?

— போட்டேன். சில நாள்.

— எத்தனை நாள்? எண்ணிச் சொல்லு.

— கிளாஸ் இல்லாத நாளுக்கு முந்தின ராத்திரி.

— வாரத்துல எத்தனை நாள் கிளாஸ் இல்ல?

— ஞாயித்துக்கிழமை.

— அப்போ சனிக்கிழமை ராத்திரி மட்டும். வாரத்துக்கு ஒன்னு.

— அப்படிச் சொன்னா கேக்கறதுக்கு மோசமா இருக்கு.

— எப்படிச் சொன்னாலும் மோசம்தான்! ஜெல்லை மட்டும் தடவினா கர்ப்பப்பைக்குள்ள இருக்கற பூச்சு கனமாகிக்கிட்டே போகும், அந்த மாத்திரைதான் அதை வளரவிடாம வைக்கும், ஒன்னை விட்டுட்டு இன்னொன்னை எடுக்காதீங்கன்னு அந்த டாக்டரம்மா என்னை வச்சுக்கிட்டுத்தானே சொன்னாங்க? விட்டா புற்றுநோய் வரைக்கும் போகலாம்னு சொன்னாங்களா, இல்லையா?

— சொன்னாங்க. நான்தான் அவங்களுக்கே விளக்கினேன். ஜெல்லு ஆக்ஸிலேட்டர், மாத்திரை பிரேக்கு, சரியா டாக்டர்னு கேட்டேன். சிரிச்சுட்டாங்க. அடுத்து வர்றவங்களுக்கு இதையே சொல்லப்போறேன்னாங்க.

— ஊருக்கெல்லாம் பிரேக்கு சொல்லிக்குடுப்பே. உன் வண்டியில அதைக் கழட்டி வச்சுட்டு ஓட்டுவே.

— நீ அந்த சீட்டுல உக்காந்ததில்லடி. உக்காந்திருந்தா இப்படிப் பேச மாட்டே.

— என்ன ஆச்சு?

— அந்த மாத்திரையைப் போட்டா காலைல தலை பாரமா இருக்கும். கண்ணு திறந்திருக்கும், ஆள் முழிச்சிருக்க மாட்டா. ஒரு நாள் ஆறு மணி கிளாஸ். புதுசா வந்த பொண்ணு. லாரி எதிர்ல வருது, இவ அதுக்கு நேரா வளைக்கறா. என் பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்குல்ல, என் கால் அதுக்குப் போக ஒரு நொடி லேட்டாச்சு. ஒரே ஒரு நொடி. லாரிக்காரன் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனான். அந்தப் பொண்ணு ஓரமா இறங்கி வாந்தி எடுத்தா. நானும்தான் எடுத்தேன்.

— ஏன் என்கிட்ட சொல்லல?

— சொன்னா நீ வேலையை விடுன்னு சொல்லுவே.

— டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே. சீக்கிரமாப் போட்டுக்கங்க, இல்ல வேற வகை தரேன்னு ஏதாவது வழி சொல்லியிருப்பாங்க.

— முதல்ல வேற வகைதானே குடுத்தாங்க? அந்த செயற்கையா செய்யறது. அது என்னைப் பிடிச்சு ஆட்டிடுச்சுடி. எதுக்கெடுத்தாலும் கோவம். கோட்டைத் தாண்டி வண்டியை நிறுத்தினார்னு ஒரு பேங்க் மேனேஜரை நடுரோட்டுல அழ வச்சேன். அம்பது வயசு மனுஷன், கர்ச்சீப்பால கண்ணைத் துடைச்சுக்கிட்டே கியர் போட்டார். எல்லாருக்கும் இப்படி ஆகாது, உங்களுக்கு ஒத்துக்கல, நம்ம உடம்புல ஊறறதைப் போலவே இருக்கறதைத் தரேன்னுதான் இதை எழுதிக் குடுத்தாங்க. இதுவும் ஒத்துக்கலன்னு மூணாவது தடவ போய் நின்னா என்ன நினைப்பாங்க?

— ஒன்னும் நினைக்க மாட்டாங்க. அதுக்குத்தான் அவங்க இருக்காங்க.

— எனக்கு வெக்கமா இருந்துச்சு. விடு.

— விட மாட்டேன். அப்போ மீதி மாத்திரை எங்க?

— எந்த மீதி?

— மூணு மாசத்துக்கு ஒரு தடவ தொண்ணூறு வாங்குவே. ரெண்டு தடவ வாங்கியாச்சு. நூத்தெண்பது. வாரத்துக்கு ஒன்னு போட்டிருந்தா மிஞ்சிப்போனா இருபது தீந்திருக்கும். நூத்தறுபது மாத்திரை உன் டிராயர்ல இருக்கணும். நேத்து திறந்து பாத்தேன். காலி.

— என் டிராயரை எதுக்குடி திறந்தே?

— மாத்திரை எங்க அக்கா?

— டோக்கன் போர்டைப் பாரு, அரை மணியா பதினாறுலயே நிக்குது. அது ரிப்பேரா, இல்ல உள்ள போனவங்க தூங்கிட்டாங்களா? நான் போய் ஒரு நடை கேட்டுட்டு வரேன்.

— உக்காரு. பேச்சைத் திருப்பறதுன்னா இண்டிகேட்டர் போட்டுட்டுத் திருப்பணும்னு நீதானே சொல்லுவே?

— என்னால உக்கார முடியலடி. தண்ணி.

— அப்போ நின்னுக்கிட்டே கேளு. இதைப் பாரு.

— என்ன அது?

— என் பையில இருக்கற அட்டை. நீ எனக்கு வாங்கிக் குடுத்தது. கரு தங்கறதுக்கு டாக்டர் எனக்கு எழுதினது இருநூறு மில்லிகிராம், காலைல ஒன்னு, ராத்திரி ஒன்னு, உள்ள வைக்கச் சொல்லி. முதல் வாரம் அதுதான் கிடைச்சுச்சு. அதுக்கப்புறம் நீ கொண்டுவந்ததெல்லாம் நூறு. "கடையில நூறுதான் இருக்கு, ரெண்டு ரெண்டா வச்சுக்கோ, டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டேன்"ன்னு சொன்னே. எந்தக் கடை?

— பெரிய ரோட்டுல இருக்கே, அந்தக் கடை.

— நேத்து போய் நின்னு கேட்டேன். கம்பெனிலேருந்து சரக்கே வரல, ஆறு வாரமா ஒரு அட்டைகூட விக்கலங்கறாங்க. நூறும் இல்ல, இருநூறும் இல்ல.

— அப்போ வேற கடையா இருக்கும்.

— தோடு.

— சரிடி! என்னோடதுதான். என் டிராயர்ல சும்மா கிடந்ததை எடுத்து உனக்குக் குடுத்தேன். என்ன இப்போ?

— ஒரு நாளைக்கு நாலு. முப்பத்தஞ்சு நாள். அந்த சனிக்கிழமை மாத்திரையைக்கூட நீ போடல.

— வீணாப் போறது உனக்கு உதவுச்சு. ரெண்டும் ஒரே மருந்துதானே? டாக்டர்கிட்ட கேட்டேங்கறது மட்டும் பொய் இல்ல. நிஜமாவே கேட்டேன். நூறு ரெண்டு, இருநூறு ஒன்னு, ரெண்டும் ஒன்னுதான்னாங்க.

— அது யாரோட நூறுன்னு சொன்னியா?

— அவங்க கேக்கல.

— கடையில சரக்கு இல்லன்னு என்கிட்ட ஏன் சொல்லல?

— சொல்லி? நீ ராத்திரி பூரா விட்டத்தைப் பாத்துக்கிட்டு கிடக்கறதுக்கா? மூணாவது தடவடி இது. ரெண்டு தடவ என் வீட்டு பாத்ரூம் தரையில உன்னைத் தூக்கி உக்கார வச்சவ நான். எட்டு வாரம், ஒம்பது வாரம். உன் வீட்டுக்காரர் ரெண்டு தடவயும் கப்பல்ல. இந்தத் தடவ மாத்திரை கிடைக்காமத்தான் போச்சுன்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாதுன்னு நினைச்சேன். அது தப்பா?

— தப்புதான்.

— அப்படியே இருக்கட்டும். என்னைத் தியாகின்னு நினைச்சு மூக்கைச் சிந்தாத. எனக்கு அதைப் போடப் பிடிக்கல. போடாம இருக்க ஒரு நல்ல காரணம் கிடைச்சுச்சேன்னு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான். நான் உன்னைச் சாக்கு வச்சேன், அவ்வளவுதான்.

— நீ பேசாம இரு கொஞ்ச நேரம்.

— நீ ஏன் எழுந்துட்டே? உக்காரு. தலை சுத்துதா?

— இல்ல.

— குழந்தை வேண்டாம்னு பத்து வருஷம் ஒரு மாத்திரை போட்டே. இப்போ வேணும்னு ஒரு மாத்திரை. அதுல இருக்கறதும் இதுக்குச் சொந்தக்கார மருந்துதான்னு டாக்டர் சொன்னப்போ நீ எப்படி அழுதே! "அதைப் போட்டதாலதான் எனக்குத் தங்கலயா"ன்னு.

— அதனால இல்லன்னு அப்பவே சொல்லிட்டாங்க.

— அதான் நானும் சொல்றேன். வேலைதான் வேற வேற. நான் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போனப்போ மாதவிலக்கைத் தள்ளிப்போடறதுக்கு ஒன்னு போட்டேனே, ஞாபகம் இருக்கா? எட்டு நாள் அப்படியே கட்டிப்போட்ட மாதிரி நின்னுச்சு. டெஸ்ட் முடிஞ்சு மாத்திரையை நிறுத்தினேன், மூணாம் நாள் சொல்லிவச்ச மாதிரி வந்துடுச்சு. போடற வரைக்கும் பிடிச்சு வைக்கும், நிறுத்தினா விட்டுடும். அவ்வளவு விசுவாசம் அதுக்கு.

— அந்தப் பேச்சை விடு அக்கா.

— ஏன், நான் என்ன சொல்லிட்டேன்?

— விடுன்னா விடு! அந்த சிஸ்டர்கிட்ட போய் மாத்திச் சொல்லு. போடலன்னு சொல்லு. ஆறு மாசமா வாரத்துக்கு ஒன்னு, அஞ்சு வாரமா அதுவும் இல்லன்னு எழுதச் சொல்லு. அது தெரியாம அவங்க என்ன வைத்தியம் பாப்பாங்க?

— சொல்றேன். உனக்குப் பன்னண்டு வாரம் முடியட்டும், எல்லாத்தையும் சொல்லிட்டு நல்ல பிள்ளையா ராத்திரி ராத்திரி முழுங்கறேன்.

— இன்னைக்கே சொல்லணும். இன்னைக்கு ராத்திரியே போடணும்.

— எதைப் போடறது? டிராயர் காலின்னு நீதானே சொன்னே? கடையிலயும் இல்ல. இருக்கறது உன் பையில இருக்கற ரெண்டு அட்டைதான். இருபது. நாலு நாலா அஞ்சு நாளைக்கு உனக்கு வரும், அதுக்குள்ள எங்கயாவது பிடிச்சுடுவேன். அந்த பேக்கரிக்காரம்மாவோட மச்சினருக்கு மருந்து மொத்தக் கடை இருக்காம். அதுக்காகத்தான் அவளை நாலாவது தடவயும் பொறுத்துக்கிட்டு இருக்கேன்.

— இந்த இருபதும் உனக்கு.

— லூசா நீ?

— உனக்கு ரத்தம் போகுது அக்கா! என் கண்ணு முன்னாடி போகுது. உள்ள என்ன இருக்கோ, எவ்வளவு தூரம் போயிடுச்சோன்னு நேத்து ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல. நீ இல்லன்னா எனக்கு யாரு இருக்கா? எனக்கு பயமா இருக்கு.

— எனக்கு மட்டும் பயம் இல்லையா? இருக்கு. இல்லன்னா விரிப்பைக் கதவைச் சாத்திக்கிட்டு எதுக்குத் துவைக்கறேன்? ஆனா என் கர்ப்பப்பை வேலை முடிஞ்சது. உன்னோடது இப்பத்தான் டியூட்டியில இருக்கு. எதுக்கு முதல்ல குடுக்கணும்னு சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

— அக்கா, கெஞ்சிக் கேக்கறேன்.

— நீ கால்ல விழுந்தாலும் தொட மாட்டேன். போர்டுல போட்ட விதி மாதிரி வச்சுக்கோ. ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல்ல வழி. இறங்கற வண்டி ஓரமா நிக்கணும்.

— உன்கிட்ட எப்படித்தான் சொல்றது...

— ஒன்னும் சொல்ல வேண்டாம். பேக்கரிக்காரம்மா கேட்டா, வண்டியில வச்சிருக்கற படம் பழசாயிடுச்சே, புதுசு இல்லையான்னு. வெயில் மறைப்புல கிளிப் போட்டு வச்சிருக்கேன்ல, உன்னோட ஏழாவது வாரத்து ஸ்கேன் படம். அவ அதைப் பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா? "நம்ம கடை பன்னு மாதிரி இருக்கு"ன்னா. எனக்குக் கோவம் வரணும், வரல. பாத்தா பன்னு மாதிரிதான் இருக்கு.

— அதை எடுத்துடு அக்கா.

— எதுக்கு? கண்ணு படுமா? நீயா இதெல்லாம் பேசறே? போன வாரம் எடுத்த படத்தைக் குடு, அதை மாட்டறேன். அவ டெஸ்ட் அன்னைக்கே நீ தனியா வந்துட்டுப் போயிட்டே. நானும் வந்திருக்கணும், மனசுக்குள்ள அது ஒரு உறுத்தல்.

— படம் குடுக்கல. மிஷின்ல பேப்பர் தீந்துபோச்சுன்னாங்க.

— என்ன சென்டர் இது! போர்டும் ஓடல, பேப்பரும் இல்ல. இரு, அந்த சிஸ்டர் வருது. நானே கேக்கறேன்.

— வேண்டாம் அக்கா. அக்கா, வேண்டாம்!

— சிஸ்டர், ஒரு நிமிஷம். போன வாரம் என் தங்கச்சி இங்க ஸ்கேன் எடுத்தா. பேப்பர் இல்லன்னு படம் குடுக்காம அனுப்பிட்டீங்களாமே, இப்போ வந்துடுச்சா?

— பேப்பரா? பேப்பர் தீரவே இல்லையேம்மா. ஆங், இப்போ ஞாபகம் வருது. நீங்கதானா? ரிப்போர்ட் வாங்காமயே எழுந்து போயிட்டீங்க. நான் வெளியில வந்து கூப்பிட்டேன், நீங்க திரும்பிப் பாக்கல. கவர்ல போட்டு எடுத்து வச்சிருக்கேன்.

— வாங்காம போனாளா? ஏன்?

— அது... அவங்ககிட்டயே கேட்டுக்கங்கம்மா. நீங்க போகும்போது என்கிட்ட வாங்க மேடம். டாக்டர் உங்களைத் திரும்ப வரச் சொல்லியிருந்தாங்க, நீங்க வரலன்னு கேட்டாங்க. அம்மா, நீங்க ரெடியா இருங்க, அடுத்தது நீங்கதான்.

— சின்னது.

— தண்ணி இருக்கா இன்னும்?

— சின்னது, என்னைப் பாரு. தரையைப் பாக்காத, என்னைப் பாரு. டாக்டர் எதுக்குத் திரும்ப வரச் சொன்னாங்க?

— நீ உள்ள போய்ட்டு வா. வந்ததும் சொல்றேன்.

— இப்ப சொல்லு. நேத்து ராத்திரிகூட உன் பையில இருக்கற அட்டையிலேருந்து ரெண்டு மாத்திரை நான்தானே எடுத்துக் குடுத்தேன். இன்னைக்குக் காலைல ரெண்டு. எல்லாம் நல்லபடியா இருக்குன்னு சொன்னியே.

— ம்.

— உனக்கு ரத்தம் ஒன்னும் படலல்ல?

— இல்ல. ஒரு சொட்டுகூட இல்ல.

— வயித்து வலி?

— இல்ல.

— அப்புறம் என்னடி? மாத்திரை வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?

— ஆமா. நல்லா வேலை செய்யுது.

— டோக்கன் பதினேழு! வாங்கம்மா, உள்ள வாங்க.

— வரேன் சிஸ்டர், ஒரு நிமிஷம் பொறுங்க. சொல்லித் தொலைடி.

— நீ போய் உண்மையைச் சொல்றேன்னு முதல்ல சொல்லு. மாத்திரை போடலன்னு சொல்லுவியா?

— சொல்றேன்.

— தோட்டைத் தொடாம சொல்லு.

— சொல்றேன்டி. ரெண்டு கையையும் பாரு. சத்தியமா சொல்றேன். இப்போ நீ சொல்லு.

— அதுக்குத் துடிப்பு நின்னு ஒம்பது நாள் ஆச்சு அக்கா. மாத்திரையை நிறுத்திடுங்க, தானா வெளிய வந்துடும்னு சொன்னாங்க; நீ வேளா வேளைக்கு கையில வச்சே, எனக்கு அதை அனுப்ப மனசு வரல, வச்சுக்கிட்டே இருந்தேன்... இந்தா, இருபதும் இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டுட்டு இன்னைக்கு ராத்திரிலேருந்து நீ போடு, நான் விட்டுடறேன்.